வென்றவரும் வல்லவரும்: ஐரோப்பியக் கிண்ணக் கால்பந்தில் நாக்-அவுட் சுற்றுகள்

வயலில் ஒரு பாத்தியில் புது ரக விதையையும் அடுத்த பாத்தியில் பழைய ரக விதையையும் விதைத்து, ஒரே பருவத்தின் விளைச்சலைக் கொண்டு, புது ரகமே சிறந்தது என்று அறிக்கை எழுதுவதை விஞ்ஞானம் ஒப்புக்கொள்வதில்லை. மண்ணின் வளம் பாத்திக்குப் பாத்தி வேறுபடும். நீர் பாயும் அளவு வேறுபடும். தற்செயலான காரணங்கள் பலவும் இடையே புகும். ஆதலால் சோதனையைப் பல பாத்திகளில், இடம் மாற்றி மாற்றி, திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும் என்பது களப் பணியாளர் அனைவரும் அறிந்த விதி. ஆயினும் வாழ்க்கையில் பல தீர்ப்புகள் இவ்வாறு பல சோதனைகளுக்கு இடம் தருவதில்லை. ஓராண்டுப் படிப்பு மூன்று மணி நேரப் பரீட்சையினால் மதிப்பிடப்படுகிறது. ஒரு பதவிக்கு உரியவர் சில நிமிடப் பேட்டியினால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். இத்தகைய தீர்ப்புகளில் தகுதியின் பங்கு எவ்வளவு, தற்செயலின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி, ஆசிரியர்க்கும் களப் பணியாளர்க்கும் அன்றாடம் எதிர்ப்படும் கேள்வியாகும்.

இக்கேள்வியை ஆராய்வதற்குத் தகுந்த சான்றுகள் ஒரு விளையாட்டுப் பந்தயத்திலே நிறைந்து கிடக்கின்றன. ஐரோப்பாவின் தலைசிறந்த கால்பந்துக் கிளப்புகளுக்கிடையே 1955ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் பந்தயமே அது. முதலில் ஐரோப்பியக் கிண்ணம் என வழங்கிய இப்பந்தயம் 1992 முதல் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் பெற்றது. இதன் பிற்பகுதிச் சுற்றுகள், தோற்ற கோஷ்டி விலகிவிடும் முறையாகிய நாக்-அவுட் முறையில் நடத்தப்படுகின்றன. சில ஆட்டங்களைக் கொண்டு நேர்மையான தீர்ப்பு வழங்குவது எங்ஙனம் என்பதற்காக இச்சுற்றுகளின் விதிகள் பன்முறை மாற்றப்பட்டுள்ளன. ஒவ்வொரு மாற்றமும் முந்திய விதியின் ஒரு குறையைத் தீர்க்க எழுந்தது. ஒவ்வொன்றும் தனக்கே உரிய புதுக் குறை ஒன்றையும் உடன் கொணர்ந்தது.

பந்தயத்தின் தோற்றம்

இப்பந்தயம் தோன்றிய வரலாறே ஒரு விஞ்ஞானப் பாடமாகும். 1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் கோஷ்டி, ஹங்கேரியின் புகழ் பெற்ற ஹான்வேட் கோஷ்டியைத் தன் சொந்தத் திடலில் 3-2 என்ற கோல் கணக்கில் வென்றது. உடனே ஆங்கிலப் பத்திரிகைகள் உல்வர்ஹாம்ப்டனை உலகின் தலைசிறந்த கோஷ்டி எனக் கொண்டாடின. பாரிஸிலிருந்து வெளிவரும் லெகிப் என்னும் விளையாட்டுத் தினசரியின் ஆசிரியர்களுள் ஒருவரான காப்ரியேல் ஹானோ இதனை ஏற்கவில்லை. அக்கோஷ்டி மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் சென்று வென்று வரட்டும். அதன் பின்னரே அத்தகைய முடிவு கூறலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஒரே ஆட்டம், அதுவும் சொந்தத் திடலில் நிகழ்ந்த ஆட்டம், இவ்வளவு பெரிய முடிவைத் தாங்காது என்று அவர் கண்டார். கண்டம் முழுவதற்குமான பந்தயம் ஒன்று வேண்டும் என்று அவருடைய பத்திரிகை கிளப்புகளை அழைத்தது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமாகிய யூஃபா அதனை ஏற்று நடத்த முன்வந்தது.

1955ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி லிஸ்பன் நகரில் ஸ்போர்ட்டிங் கோஷ்டியும் யூகோஸ்லாவியாவின் பார்ட்டிசான் கோஷ்டியும் முதல் ஆட்டத்தை ஆடின. அது 3-3 எனச் சமமாக முடிந்தது. 16 கோஷ்டிகள் கலந்துகொண்ட அப்பந்தயத்தின் இறுதி ஆட்டம் 1956ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி பாரிஸில் நிகழ்ந்தது. ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், பிரான்ஸின் ரெய்ம்ஸ் கோஷ்டியை 4-3 என வென்று கிண்ணத்தைப் பெற்றது.

நாக்-அவுட் முறையின் கணக்கு

நாக்-அவுட் முறையின் முதற் சிறப்பு அதன் சிக்கனம். ஒவ்வொரு மோதலும் ஒரு கோஷ்டியை விலக்குகிறது. 16 கோஷ்டிகளில் ஒன்று மட்டும் எஞ்ச வேண்டுமாயின் 15 கோஷ்டிகள் விலக வேண்டும். ஆகவே 15 மோதல்கள் போதும். முதற் பந்தயத்தில் இறுதி நீங்கலாக ஒவ்வொரு மோதலும் இரண்டு ஆட்டங்களாக அமைந்ததால், 14 மோதல்களுக்கு 28 ஆட்டங்களும் இறுதி ஆட்டம் ஒன்றும் சேர்ந்து 29 ஆட்டங்களில் பந்தயம் முடிந்தது. இதே 16 கோஷ்டிகள் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுடனும் ஒரு முறை ஆடினால் 120 ஆட்டங்கள் வேண்டும். சொந்தத் திடலில் ஒன்று, எதிரியின் திடலில் ஒன்று என்று ஆடினால் 240 ஆட்டங்கள் ஆகும்.

இச்சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. மற்ற எல்லாக் கோஷ்டிகளையும்விட வல்லமை மிக்க கோஷ்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். எந்த மோதலிலும் அது வெல்வதற்கான நிகழ்தகவு மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 16 கோஷ்டிகளிலிருந்து கிண்ணம் வரை அது நான்கு மோதல்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். மூன்றில் இரண்டை நான்கு முறை பெருக்கினால் 81இல் 16 என்று கிடைக்கிறது. அதாவது ஏறக்குறைய 20 சதவிகிதம். வேறு வகையாகச் சொன்னால், எல்லோரிலும் வல்ல கோஷ்டியே ஐந்தாண்டுகளில் ஓராண்டுதான் கிண்ணத்தைப் பெறும். மற்ற நான்காண்டுகளில் அதனினும் குறைந்த வல்லமையுடைய ஏதோ ஒரு கோஷ்டி பெறும். மோதலுக்கு 60 சதவிகித வாய்ப்புடைய கோஷ்டி கிண்ணம் பெறும் வாய்ப்பு 13 சதவிகிதமே. 80 சதவிகித வாய்ப்புடைய கோஷ்டிக்குங்கூட அது 41 சதவிகிதத்தைத் தாண்டாது.

இக்கணக்கை மனத்தில் கொண்டு பார்த்தால், ரியல் மாட்ரிட் 1956 முதல் 1960 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கிண்ணம் வென்றதன் அருமை விளங்கும். ஆண்டுக்கு நான்காக 20 மோதல்களை அது இடைவிடாமல் வென்றது. மோதலுக்கு 80 சதவிகித வாய்ப்புடைய கோஷ்டிக்குக்கூட ஐந்தாண்டுகளும் தொடர்ந்து கிண்ணம் கிட்டும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். ஆகவே ஓர் ஆண்டின் வெற்றி தற்செயலுக்கு இடம் தருமாயினும், ஐந்தாண்டுத் தொடர் வெற்றி உண்மையான வல்லமைக்கு உறுதியான சான்றாகும். சோதனைகள் பெருகப் பெருகத் தற்செயல் ஒதுங்கி, தகுதி வெளிப்படுகிறது.

தற்செயலின் பங்கு கால்பந்தில் குறிப்பாக மிகுதியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கூடைப்பந்தில் ஒரு பக்கத்தார் எடுக்கும் புள்ளிகள் பல பத்துக்களாகும்; கிரிக்கெட்டில் ஓட்டங்கள் நூற்றுக்கணக்கில் சேரும். கால்பந்திலோ இரு பக்கமும் சேர்ந்து ஓர் ஆட்டத்துக்குச் சராசரி மூன்று கோல்களுக்கும் குறைவே. அரிய நிகழ்ச்சிகளை எண்ணும் எந்த அளவையிலும் தற்செயலின் ஆதிக்கம் மிகும். ஒரு மழைமானி மாதத்தில் மூன்று துளிகளை மட்டுமே பதிவு செய்யுமாயின், அதைக் கொண்டு இரு ஊர்களின் மழையை ஒப்பிடுவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் இதுவும்.

இரு ஆட்டங்களின் பயன்

ஒவ்வொரு மோதலிலும் இரண்டு ஆட்டங்கள் என்ற ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஒன்று ஒரு கோஷ்டியின் திடலிலும் மற்றது எதிர்க் கோஷ்டியின் திடலிலும் ஆடப்படும். இரண்டிலும் பெற்ற கோல்கள் கூட்டப்படும். இதில் இரு நன்மைகள் உள.

முதலாவது, திடலின் சாதகம் நீங்குகிறது. பழகிய மைதானம், பயணக் களைப்பின்மை, ஊரார் ஆரவாரம், அந்த ஆரவாரம் நடுவர் மனத்தில் ஏற்படுத்தும் பாதிப்பு ஆகிய யாவும் சொந்தத் திடலில் ஆடுவோர்க்கு உதவுகின்றன. 2020ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்தில் பார்வையாளர் இன்றி ஆட்டங்கள் நடைபெற்றபோது இச்சாதகம் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. மண் வளம் வேறுபட்ட இரு பாத்திகளில் இரு ரகங்களை இடம் மாற்றி விதைப்பது போன்றதே இரு திடல்களில் ஆடும் முறையும்.

இரண்டாவது, சோதனை இருமுறை செய்யப்படுகிறது. இரண்டு ஆட்டங்களில் வல்லமையின் வேறுபாடு இரு மடங்காகச் சேருகிறது. தற்செயலின் வீச்சோ இரண்டின் வர்க்கமூலமாகிய சுமார் 1.4 மடங்காகவே வளருகிறது. ஆகவே தீர்ப்பின் தெளிவு 1.4 மடங்கு உயருகிறது. அதனை இரு மடங்காக்க நான்கு ஆட்டங்களும், மூன்று மடங்காக்க ஒன்பது ஆட்டங்களும் வேண்டும். நம்பகத்தின் விலை எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதை இதிலிருந்து அறியலாம். பந்தயம் நடத்துவோர் இரண்டோடு நிறுத்திக்கொண்டதன் காரணமும் இதுவே.

கணக்குச் சமமானால்

இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கும் சமமாகிவிட்டால் என் செய்வது? ஆதியில் மூன்றாவது ஆட்டம் ஒன்று ஆடப்பட்டது. 1956-57ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ரியல் மாட்ரிட், வியன்னாவின் ராபிட் கோஷ்டியைத் தன் ஊரில் 4-2 என வென்றது. வியன்னாவில் 1-3 எனத் தோற்றது. கூட்டுக் கணக்கு 5-5. மூன்றாவது ஆட்டமும் மாட்ரிட் நகரிலேயே நடைபெற, அதில் ரியல் மாட்ரிட் 2-0 என வென்று முன்னேறியது. இறுதியில் கிண்ணத்தையும் பெற்றது. சமமான இரு கோஷ்டிகளுக்கிடையே தீர்ப்புக் கூற வந்த ஆட்டம் அவற்றுள் ஒன்றன் ஊரில் ஆடப்பட்டது, இடம் மாற்றிச் சோதிக்கும் நெறிக்கு முரணானதே.

மூன்றாவது ஆட்டமும் தீர்ப்புத் தராத நிலை 1965ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இங்கிலாந்தின் லிவர்பூலும் ஜெர்மனியின் கொலோன் கோஷ்டியும் கால் இறுதியில் மோதின. கொலோனில் 0-0, லிவர்பூலில் 0-0. மூன்றாவது ஆட்டம் மார்ச் 24ஆம் தேதி நடுநிலை நகரமாகிய ராட்டர்டாமில் நடைபெற்றது. லிவர்பூல் முதலில் இரண்டு கோல்களைப் போட்டது; கொலோன் இரண்டையும் ஈடு செய்தது. அதிகப்படி நேரம் 30 நிமிடம் ஆடியும் 2-2 என்ற கணக்கு மாறவில்லை. ஆக மொத்தம் 300 நிமிடம் ஆடியும் இரு கோஷ்டிகளும் சமமாகவே நின்றன.

அக்காலத்து விதிப்படி நடுவர் மைதானத்தின் நடுவே சுண்டிப் பார்த்துத் தீர்ப்பளிக்க வேண்டும். முதல் முறை சுண்டியபோது அது சேற்றில் செங்குத்தாகக் குத்திக்கொண்டு நின்றது. மறு முறை சுண்டியதில் லிவர்பூலுக்குச் சாதகமாக விழுந்தது. கொலோன் கோஷ்டி மூன்று ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமலே பந்தயத்தை விட்டு வெளியேறியது. அரை இறுதியில் லிவர்பூல், மிலானின் இண்டர் கோஷ்டியை முதல் ஆட்டத்தில் 3-1 என வென்று, இரண்டாவதில் 0-3 எனத் தோற்று விலகியது.

சுண்டிப் பார்த்தலைக் கணித நோக்கில் குறை கூற இயலாது. இரு பக்கத்தார்க்கும் சரிபாதி வாய்ப்பு, சூழ்ச்சிக்கு இடமில்லை. பல மாத உழைப்பின் முடிவு, ஆடுவோரின் திறமைக்கு எள்ளளவும் தொடர்பற்ற ஒன்றினால் தீர்மானிக்கப்படுவதே அதன் குறை. பாரபட்சமற்ற தீர்ப்பு எல்லாம் பொருத்தமான தீர்ப்பு ஆகிவிடாது என்பதற்கு ராட்டர்டாம் நிகழ்ச்சி நல்ல எடுத்துக்காட்டு.

வெளியூர்க் கோல் விதி

சமநிலையை ஆட்டத்தின் உள்ளிருந்தே தீர்க்க ஒரு புதிய விதி வகுக்கப்பட்டது. கூட்டுக் கணக்குச் சமமானால், எதிரியின் திடலில் அதிகக் கோல் போட்ட கோஷ்டி வென்றதாகக் கருதப்படும் என்பதே அவ்விதி. கிண்ண வெற்றியாளர் கிண்ணம் என்னும் மற்றோர் ஐரோப்பியப் பந்தயத்தில் 1965-66இல் இது புகுத்தப்பட்டது. ஐரோப்பியக் கிண்ணத்தில் 1967-68 முதல் படிப்படியாக இடம் பெற்றது. எதிரியின் திடலில் கோல் போடுவது கடினம், கடினமான செயலுக்கு மதிப்புக் கூடுதல் என்பது இதன் அடிப்படை. வெளியூர் சென்ற கோஷ்டி காவலில் மட்டும் ஈடுபடாமல் தாக்கியும் ஆடும் என்பது எதிர்பார்ப்பு.

மேலே கண்ட மாட்ரிட்-வியன்னா கணக்கை இவ்விதியின்படி நோக்குவோம். வியன்னா கோஷ்டி மாட்ரிட் நகரில் போட்டவை 2 கோல்கள். மாட்ரிட் கோஷ்டி வியன்னாவில் போட்டது 1 கோல். இவ்விதி 1956இலேயே இருந்திருக்குமாயின் முன்னேறியது வியன்னாவாக இருக்கும். மாட்ரிட்டின் ஐந்தாண்டுத் தொடர் வெற்றி இரண்டாம் ஆண்டிலேயே முறிந்திருக்கும். ஆடிய ஆட்டமும் கிடைத்த எண்களும் ஒன்றே. விதி மாறினால் தீர்ப்பு தலைகீழாகிறது. அளவு கோலைத் தேர்ந்தெடுப்பதும் தீர்ப்பின் ஒரு பகுதியே என்பதை இது உணர்த்துகிறது.

2003ஆம் ஆண்டு அரை இறுதியில் இவ்விதியின் வேறொரு முகம் தெரிந்தது. மிலான் நகரின் இரு கோஷ்டிகளாகிய ஏ.ஸி. மிலானும் இண்டரும் மோதின. இரண்டுக்கும் ஒரே மைதானமே சொந்தத் திடல். முதல் ஆட்டத்தில் ஏ.ஸி. மிலான் சொந்தத் திடல் கோஷ்டியாகக் கருதப்பட்டது, கணக்கு 0-0. இரண்டாவதில் இண்டர் அவ்வாறு கருதப்பட்டது; கணக்கு 1-1. ஒரே மைதானத்தில் ஆடியும், இரண்டாவது ஆட்டத்தில் ஏ.ஸி. மிலான் போட்ட கோல் 'வெளியூர்க் கோல்' ஆயிற்று. அதனால் அக்கோஷ்டி முன்னேறிக் கிண்ணமும் பெற்றது. காரணத்தை மறந்து விதியின் சொற்களை மட்டும் பின்பற்றினால் விளைவது இது.

நாளடைவில் விதியின் அடிப்படையே தளர்ந்தது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து 2021 வரையிலான புள்ளிவிவரங்களை யூஃபா ஒப்பிட்டுப் பார்த்தது. சொந்தத் திடலில் ஆடுவோர் வெல்லும் ஆட்டங்கள் 61 சதவிகிதத்திலிருந்து 47 சதவிகிதமாகக் குறைந்திருந்தன. வெளியூரார் வெல்பவை 19 சதவிகிதத்திலிருந்து 30 சதவிகிதமாக உயர்ந்திருந்தன. சொந்தத் திடலார் போடும் கோல்கள் ஆட்டத்துக்குச் சராசரி 2.02லிருந்து 1.58 ஆகவும், வெளியூரார் போடுபவை 0.95லிருந்து 1.15 ஆகவும் மாறியிருந்தன. மேலும், முதல் ஆட்டத்தில் சொந்தத் திடலில் ஆடும் கோஷ்டி, எதிரி ஒரு கோல் போட்டுவிடுவானோ என்று அஞ்சித் தாக்குதலைக் குறைத்துக்கொண்டது. தாக்குதலை வளர்க்க வந்த விதி அதனையே தடுத்தது. இரண்டாவது ஆட்டத்தின் அதிகப்படி நேரத்தில், வெளியூராரின் கோலுக்கு மட்டும் 30 நிமிடம் கூடுதல் மதிப்புக் கிடைத்ததும் நியாயமாகத் தோன்றவில்லை. இக்காரணங்களால் 2021-22 முதல் யூஃபா பந்தயங்களிலிருந்து இவ்விதி நீக்கப்பட்டது.

பெனால்டி உதைகள்

வெளியூர்க் கோல் விதியும் எல்லாச் சமநிலைகளையும் தீர்க்கவில்லை. 1969ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் செல்டிக் தன் ஊரில் 3-0 என வென்று, போர்ச்சுகலின் பென்ஃபிகாவிடம் லிஸ்பனில் 0-3 எனத் தோற்றது. வெளியூர்க் கோல் இரு பக்கமும் இல்லை. மீண்டும் நாணயம் சுண்டப்பட்டது. செல்டிக் முன்னேறி அப்பந்தயத்தின் இறுதி ஆட்டம் வரை சென்றது. அடுத்த ஆண்டிலேயே சுண்டிப் பார்த்தலுக்குப் பதிலாகப் பெனால்டி உதைகள் புகுத்தப்பட்டன. 1970ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி இங்கிலாந்தின் எவர்ட்டன் கோஷ்டி, ஜெர்மனியின் பொருசியா மொன்ஷன்கிளாட்பாக் கோஷ்டியை 4-3 என்ற பெனால்டிக் கணக்கில் வென்றதே ஐரோப்பியக் கிண்ண வரலாற்றில் இம்முறையில் கிடைத்த முதல் தீர்ப்பு. 1984ஆம் ஆண்டில் ரோம் நகரில் இறுதி ஆட்டமே முதன்முறையாக இவ்வாறு தீர்க்கப்பட்டது. லிவர்பூல் ரோமா கோஷ்டியை வென்றது.

பெனால்டி உதைகளும் சீட்டுக் குலுக்கலே என்று கூறுவோர் பலர். கணக்கு அவ்வாறு கூறவில்லை. ஒரு கோஷ்டி ஒவ்வோர் உதையையும் கோலாக்கும் வாய்ப்பு 80 சதவிகிதம் என்றும், எதிர்க் கோஷ்டிக்கு அது 70 சதவிகிதம் என்றும் கொள்வோம். தலைக்கு ஐந்து உதைகள். அதிலும் சமமானால் ஒவ்வோர் உதையாகத் தொடர்தல் என்ற விதியின்படி கணக்கிட்டால், முதற் கோஷ்டி வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 67 சதவிகிதம். நாணயம் தரும் 50 சதவிகிதத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆயினும் அளக்கப்படுவது கால்பந்தின் முழு வல்லமை அன்று. 11 மீட்டர் தூரத்திலிருந்து பந்தை உதைப்பதும் அதைத் தடுப்பதுமாகிய ஒரு சிறு கூறு மட்டுமே. 1986ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் ருமேனியாவின் ஸ்டௌவா கோஷ்டியின் கோல் காப்பாளர் டுக்கடாம், பார்சிலோனாவின் நான்கு உதைகளையும் தடுத்துக் கிண்ணத்தைத் தம் கோஷ்டிக்குப் பெற்றுத் தந்தார். 120 நிமிட ஆட்டத்தில் கோலே விழாத ஒரு மோதலை ஒருவரின் கைகள் முடித்து வைத்தன.

முதலில் உதைப்பவர்க்குச் சாதகம் உண்டோ என்ற ஐயமும் எழுந்தது. முதலில் உதைக்கும் கோஷ்டி சுமார் 60 சதவிகிதம் வெல்வதாக 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கூறியது. பின்னர் அதிக எண்ணிக்கையான நிகழ்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வில், இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு முடிவு கூறுவதன் அபாயம் ஆட்டக்காரர்க்கு மட்டுமன்றி, ஆட்டத்தை ஆராய்பவர்க்கும் உண்டு.

2025ஆம் ஆண்டின் சான்று

2024-25ஆம் ஆண்டில் பந்தயம் புதிய அமைப்பைப் பெற்றது. 36 கோஷ்டிகள் தலைக்கு எட்டு ஆட்டங்கள் ஆடி ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தப்பட்டன. முதல் எட்டு ஸ்தானத்தார் நேரே 16 கோஷ்டிகளின் சுற்றுக்குச் சென்றனர். 9 முதல் 24 வரையுள்ளோர் தமக்குள் மோதி, மீதி எட்டு இடங்களைப் பெற்றனர். எஞ்சிய 12 கோஷ்டிகள் விலகின. பல ஆட்டங்களால் முதலில் சலித்து, பின் நாக்-அவுட் முறையால் தேர்ந்தெடுப்பது இதன் நோக்கம்.

அவ்வாண்டில் லிவர்பூல் எட்டில் ஏழு ஆட்டங்களை வென்று பட்டியலில் முதலிடம் பெற்றது. பிரான்ஸின் பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் 13 புள்ளிகளுடன் 15ஆம் இடத்தில் இருந்தது. இவ்விரண்டும் 16 கோஷ்டிகளின் சுற்றில் மோதின. பாரிஸில் நடந்த முதல் ஆட்டத்தில் பாரிஸ் கோஷ்டி 27 முறை கோலை நோக்கிப் பந்தை உதைத்தது. லிவர்பூல் இரண்டே முறை உதைத்தது. முடிவு லிவர்பூலுக்கு 1-0 வெற்றி. லிவர்பூலில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் பாரிஸ் 1-0 என வென்றது. பெனால்டி உதைகளில் 4-1 என வென்று முன்னேறியது. பின்னர் ஆஸ்டன் வில்லாவையும் ஆர்சனலையும் வென்று, மே 31ஆம் தேதி மியூனிக் நகரில் இண்டரை 5-0 என வீழ்த்திக் கிண்ணம் பெற்றது.

15ஆம் இடத்தான் கிண்ணம் பெற்றது நாக்-அவுட் முறையின் பிழையா, பட்டியலின் பிழையா? இரண்டில் ஒன்றைக் குற்றம் சாட்டுவது அவசரம். எட்டு ஆட்டங்களும் சிறு தொகையே. ஒவ்வொரு கோஷ்டியும் சந்தித்த எதிரிகள் வேறு வேறு. அன்றியும் அளக்கப்படும் பொருளே காலத்தோடு மாறுகிறது. இலையுதிர் காலத்தில் தடுமாறிய கோஷ்டி வசந்தத்தில் முதிர்ச்சியடையக்கூடும். முதற் பருவத் தேர்வில் பின்தங்கிய மாணவன் ஆண்டு இறுதியில் முன்னேறுவதை ஆசிரியர்கள் அறிவர். 27க்கு 2 என்ற கணக்கு இருந்தும் தோல்வியே கிட்டிய முதல் ஆட்டத்தோடு மோதல் முடிந்திருக்குமாயின், அவ்வாண்டின் வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கும். 1955இல் வகுத்த இரண்டு ஆட்ட ஏற்பாட்டின் பயனை 70 ஆண்டுகளுக்குப் பின்னும் இங்கே காணலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

இக்கருத்துக்களை விளக்க ஒரு பகடைக் காயும் சில தாள்களும் போதும். ஒவ்வொரு மாணவரும் ஒரு வல்ல கோஷ்டியை மனத்தில் கொண்டு பகடையை உருட்டட்டும். 1 முதல் 4 வரை விழுந்தால் அக்கோஷ்டி மோதலை வென்றது. 5 அல்லது 6 விழுந்தால் தோற்று விலகியது. நான்கு முறை தொடர்ந்து வென்றால் கிண்ணம். 40 மாணவர்கள் தலைக்கு இருமுறை இவ்வாறு செய்தால் 80 பந்தயங்கள் ஆகும். அவற்றுள் சுமார் 16இல் வல்ல கோஷ்டி கிண்ணம் பெறும். வகுப்புக்கு வகுப்பு இது 9 முதல் 23 வரை மாறுபடலாம். அம்மாறுபாடும் ஒரு பாடமே.

அடுத்து, ஒவ்வொரு மோதலையும் மூன்று உருட்டல்களாக்கி, இரண்டை வென்றவர் மோதலை வென்றார் என்று வைத்துக்கொள்ளலாம். மோதலை வெல்லும் வாய்ப்பு 67இலிருந்து 74 சதவிகிதமாக உயரும். கிண்ணம் பெறும் வாய்ப்பு 20இலிருந்து 30 சதவிகிதமாக உயரும். உழைப்பு மும்மடங்கானாலும் நம்பகம் ஒன்றரை மடங்கே ஆகிறது என்பதை மாணவர் தம் கையாலேயே கண்டறிவர்.

கிண்ணம் யாரிடம் சேர்ந்தது என்பதை நாக்-அவுட் சுற்று ஐயமின்றித் தெரிவிக்கிறது. யார் மிக வல்லவர் என்பதை ஓரளவே தெரிவிக்கிறது. முதல் கேள்விக்கு விடை உடனே வேண்டும். அதற்குரிய விதி முன்கூட்டியே இரு பக்கத்தார்க்கும் தெரிந்திருத்தல், சுமை இருவர்க்கும் சமமாக இருத்தல், அளக்கப்படுவது தகுதியோடு தொடர்புடையதாக இருத்தல் ஆகிய மூன்றும் போதும். இரண்டாவது கேள்விக்குப் பல ஆண்டுகளின் பதிவுகள் தேவை. ஒரு பரீட்சையின் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் எழுதும் ஆசிரியரும், ஒரு பருவத்தின் விளைச்சலை அறிக்கையில் எழுதும் களப் பணியாளரும் இவ்விரு கேள்விகளைத் தனித்தனியே வைத்துப் பார்ப்பது நலம். ராட்டர்டாமில் கொலோன் கோஷ்டி பந்தயத்தை விட்டு விலகியது உண்மை. அது லிவர்பூலைவிடத் தாழ்ந்தது என்பதற்கு அந்த 300 நிமிடங்களில் சான்று ஏதும் இல்லை. தேர்வில் ஒரு மதிப்பெண்ணால் பின்தங்கிய மாணவன் விஷயத்திலும், ஒரு பருவத்தில் பொய்த்த விதை விஷயத்திலும், மறு சோதனைக்கு இடம் வைத்தே குறிப்பு எழுதப்பட வேண்டும்.